விடுதித் தரையில் வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: நான் தங்கியிருந்த விடுதியில், லிஃப்டுக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை எதுவும் அங்கே இல்லை. இழப்பீடு கேட்டால், அறை எடுத்தபோது நான் கையெழுத்திட்ட படிவத்தில் ‘விருந்தினருக்கு நேரும் காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால், விடுதிக்குள் விழுந்தீர்கள் என்பதற்காக மட்டும் அதன் நிர்வாகம் பொறுப்பாளி ஆகிவிடாது. விருந்தினரின் பாதுகாப்புக்கு நியாயமாக எடுக்க வேண்டிய கவனத்தை அது எடுத்ததா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். தரை ஈரமாக இருந்தது என்பதைவிட, எவ்வளவு நேரமாக ஈரமாக இருந்தது, அது ஊழியர்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பவையே வழக்கை முடிவு செய்யும். நீங்கள் விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு வேறொரு விருந்தினர் கொட்டிய தண்ணீர் என்றால் உங்கள் வாதம் பலவீனம். ஊழியரே துடைத்துவிட்டு ஈரத்தோடு விட்டுப்போன தரை என்றால் நிர்வாகம் தப்புவது கடினம்.

இந்த ‘எவ்வளவு நேரம்’ என்பதை விழுந்தவர் எப்படி நிரூபிப்பார்? 1970-களில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், டெஸ்கோ கடையில் சிந்திக் கிடந்த தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்திருந்தார். தயிர் எப்போது சிந்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. சில வாரம் கழித்து அதே கடையில் ஆரஞ்சுச் சாறு சிந்தியதையும், கால் மணி நேரம் யாரும் அதைத் துடைக்காததையும் அவர் கவனித்து வைத்திருந்தார். தக்க கவனம் இருந்தும் விபத்து நேர்ந்தது என்று விளக்க வேண்டியது கடைதான் எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எல்லா நாட்டிலும் இதே அளவுகோல் இல்லை என்றாலும், துப்புரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது எங்கும் பயன்படும்.

படிவத்து வாசகத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டமே, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை இப்படி எழுதிக் கழித்துக்கொள்ள முடியாது என்றது. வேறு பல நாடுகளின் நீதிமன்றங்களும் இத்தகைய வாசகங்களை ஐயத்துடனே அணுகுகின்றன. ‘துப்புரவு வேலை ஒப்பந்தக்காரருடையது’ என்று சொன்னாலும் விடுதி எளிதில் விலகிவிட முடியாது. அதேசமயம், கைபேசியைப் பார்த்தபடி நடந்தீர்கள் என்று சிசிடிவி காட்டினால், உங்கள் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைப்பார்கள்.

சிசிடிவி பதிவுகள் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். ஆகவே பதிவை அழிக்காமல் வைக்குமாறு இன்றே எழுத்துமூலம் கேளுங்கள். விபத்து அறிக்கையின் நகலையும் வாங்குங்கள். அன்று அணிந்திருந்த செருப்பைக் கழுவாமல் எடுத்து வையுங்கள், அதன் அடிப்பாகத்தைப் பற்றி எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். மருத்துவமனைச் செலவை ஏற்பதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினால், ‘முழுத் தீர்வாக’ (இதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று பொருள்) என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்து, வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வழக்குத் தொடுக்கும் காலவரம்பு இடத்துக்கு இடம் வேறுபடும். அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.