வாசகர் கேள்வி – பதில்: கதை சொன்ன குரல் ஒலிநூலாக

கேள்வி: சின்ன வயதிலிருந்தே கதை சொல்லப் பிரியம். பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளைக் கைபேசியில் பதிந்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. ஒலிநூல் வாசிக்க நல்ல மைக் வாங்க வேண்டுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. சீமெந்துச் சுவரிலும் மாபிள் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிதான் அந்தக் கிணற்றுச் சத்தம். விலைகூடிய மைக் அதையும் சேர்த்தே பிடிக்கும். சேலை தொங்கும் அலுமாரியைத் திறந்து, அதைப் பார்த்து இருங்கள். முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டித் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். கைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று ஓரமாக இருக்கட்டும். நேரெதிரே வைத்தால் ‘பாம்பு’ என்னும்போது பகரத்தின் காற்று ‘டொம்’ என்று மோதும்; அதைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை என்றால் மாரி மழை விடாது. மற்ற நாட்களில் காகம் கரைய முன்னர் பதிவது நல்லது. முதல் 10 வினாடி பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதியுங்கள். ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருள் அந்தத் துண்டை வைத்துத்தான் இரைச்சலைக் குறைக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் கேட்பதுபோலாகும். பால்தேத்தண்ணி குடித்த உடனே வாசித்தால் வாய் பசைபிடித்து ‘டிக் டிக்’ என்று விழும், வெறுந்தண்ணீர் போதும். பிழைவிட்டால் அந்தச் சொல்லிலிருந்து அல்ல, வசனத்தின் தொடக்கத்திலிருந்து திரும்ப வாசியுங்கள். நடுவில் ஒட்டினால் தொனி மாறுவது தெரிந்துவிடும்.

ஓடிபிள் என்ற ஒலிநூல் விற்பனைத் தளத்துக்குப் பதிவுகளை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம், டெசிபெல் என்ற ஒலி அலகில் கேட்கும் அளவு: சராசரிச் சத்தம் −23க்கும் −18க்கும் இடையில், உச்சம் −3க்குள், அறை இரைச்சல் −60 டெசிபெல்லுக்குக் கீழே. எங்கே வெளியிட்டாலும் இந்த அளவில் வைத்திருங்கள்.

கேள்வி: மட்டக்களப்புப் பேச்சில் கதை எழுதுகிறேன். வாசித்துப் பதிந்தால் யார் பேசுவது என்றே விளங்கவில்லையாம். பேச்சை மாற்றவா?
– வாசகர், கல்முனை

பதில்: மாற்றவே வேண்டாம். ‘மறுகா’வையும் (பிறகு) ‘ஒள்ளுப்ப’த்தையும் (கொஞ்சம்) எடுத்தால் கதையில் வேறு ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். குழப்பம் வேறு இடத்தில்: மேற்கோள் குறி காதில் விழாது. “ஒள்ளுப்பம் பொறு, மறுகா வாறன்” என்றாள் கமலம் – இப்படி எழுதினால் பெயர் வரும்போது பேச்சு முடிந்துபோகிறது. ‘கமலம் படலையைத் திறந்தாள். “ஒள்ளுப்பம் பொறு, மறுகா வாறன்.”’ என்று பெயரையும் ஒரு செயலையும் முன்னே வையுங்கள். கண்ணால் வாசிப்பவர் மேலே திரும்பிப் பார்ப்பார்; கேட்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆளுக்கொரு குரலில் நடிக்கவும் போகாதீர்கள். முதல் அத்தியாயத்துக் கிழவரின் குரல் பத்தாவதில் அப்படியே வராது. வேகத்தைச் சிறிது மாற்றினால் போதும். ழகரத்தில் மட்டும் கவனம்: ‘வாழை’ ‘வாளை’யானால் பழம் மீனாகிவிடும்.

கேள்வி: பழைய நூல்களை அனுமதியின்றி வாசித்து வெளியிடலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. 1947இல் மறைந்த காரைதீவு விபுலானந்த அடிகளின் எழுத்துக்களை நீங்கள் வாசிக்கலாம். புதிய பதிப்பில் பிறர் சேர்த்த முன்னுரையையும் குறிப்பையும் விட்டுவிடுங்கள். நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது குரல்பதிவுக்கான அனுமதி ஆகாது. உயிரோடிருப்பவர் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே பதிவைத் தொடங்குங்கள்.