ரெமெடியோஸ் வாரோ: சர்ரியலிச ஓவியத்தில் ஏன் இத்தனை கருவிகள்?

வாரோவின் ஓவியங்களில் சக்கரம், கப்பி, குழாய் என்று விசித்திரக் கருவிகளாக இருக்கின்றனவே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அவருடைய அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

வாரோ 1908-இல் ஸ்பெயினின் ஆங்கிலஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா நீரியல் பொறியாளர். தன் தொழில்நுட்ப வரைபடங்களை மகளைப் படியெடுக்கச் சொல்வார். அந்தக் கைத்துல்லியம் கடைசிவரை போகவில்லை. மாட்ரிட்டில் ஓவியம் படித்தார், பாரிஸில் கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளோடு பழகினார். நாஜிப் படை பிரான்சுக்குள் வந்த பிறகு, 1941 இறுதியில் மெக்சிகோவுக்குத் தப்பினார். அங்கே பல வருடங்கள் பிழைப்புக்காக பேயர் மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படம் வரைந்தார். முழுநேரமாகத் தூரிகை பிடித்தது 1950-களில்தான்.

1957-இல் வரைந்த 'பறவைகளின் படைப்பு' ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்தை முகமுள்ள ஒரு பெண் மேசைமுன் உட்கார்ந்து பறவை வரைகிறாள். அவள் தூரிகை, கழுத்தில் தொங்கும் வயலினோடு இணைந்திருக்கிறது. முட்டை வடிவக் கலம் ஒன்றிலிருந்து தட்டில் வண்ணம் சொட்டுகிறது. இன்னொரு கையில் முக்கோணக் கண்ணாடி. அதன் வழியே விண்மீன் ஒளி தாளில் விழ, பறவைக்கு உயிர் வந்துவிடுகிறது! இன்னொரு சர்ரியலிஸ்ட் ஓவியரான சால்வடோர் டாலியின் உருகும் கடிகாரங்களைவிட எனக்கு இதுதான் நெருக்கம். இங்கே கனவு தானாக வருவதில்லை, ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்கிறாள்.

அப்புறம், அவருடைய ஓவியங்களின் பின்னணியில் பாசி படிந்த சுவர் போன்ற பரப்புகளைக் கவனியுங்கள். ஈர வண்ணத்தில் தாளை அழுத்தி எடுத்து உண்டாக்கும் உத்தி அது. வாரோ 1963-இல், 54 வயதில், மாரடைப்பில் இறந்தார்.