தெருமுனையில் புது மளிகைக் கடை: இந்த வாரக் கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பகுதிக்குள் புதிதாக ஒரு உயர்தர மளிகைக் கடை வந்திருக்கிறது, அதனால் நல்லதும் கெட்டதும் நடக்கிறது. எனவே வாஷிங் மெஷின் வாரண்டி பற்றி எழுதியவர் அடுத்த வாரம்வரை பொறுத்துக்கொள்ளவும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் பெரிய ஏசி மளிகைக் கடை திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்கிறார். காரணம் கேட்டால், "ஏரியா ரேஞ்சே மாறிடுச்சும்மா" என்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நடுவில் வாடகையை ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அவர் சொல்வது அவருடைய ஆசை, அவ்வளவுதான். ஏழு மாதத்துக்குப் பழைய வாடகையைத் தேதி தவறாமல், ரசீதோடு கொடுங்கள்.

கவலைப்பட வேண்டியது எட்டாவது மாதத்துக்கு. உங்கள் வீட்டு அளவுக்கு அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று இப்போதே நாலு பேரிடம் விசாரித்து எழுதி வையுங்கள். விளம்பரத்தில் கேட்கும் தொகை வேறு, பேசி முடிக்கும் தொகை வேறு.

உங்கள் வீட்டுக்காரர் கடையைக் கைகாட்டுகிறார். ஆனால் இந்த மாதிரிக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இடம் பிடிப்பதில்லை. சுற்றியிருப்பவர்களின் வருமானம், படிப்பு, எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஏரியா மாறத் தொடங்கியபிறகு வருவதுதான் கடை. வந்தபின் அந்த மாற்றத்துக்கு வேகம் கொடுக்கிறது. வசதியானவர்கள் குடியேறி, வாடகையும் விலையும் ஏறி, பழைய குடிகள் வெளியேறுவதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று 1964-ல் பெயர் வைத்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், லண்டனைப் பற்றி எழுதும்போது மளிகைக் கடையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த சின்னச் சின்ன வீடுகள் கைமாறி, விலை உயர்ந்த வீடுகளாக மாறியதைத்தான் எழுதினார். எட்டாவது மாதத்தைப் பற்றி நான் பயமுறுத்துவது அதனால்தான்.

கேள்வி: பாலும் முட்டையும் வாங்கத்தான் போனேன். வெளியே வரும்போது ஒரு வாரச் சாமானுக்கான பில். பாலைக் கடைசி மூலையில் வைத்திருக்கிறார்களே, அது திட்டமிட்ட ஏமாற்று இல்லையா? புகார் கொடுக்கலாமா?

பதில்: யார் மேல்? இரண்டு பொருளுக்கு எதற்கு டிராலி எடுத்தீர்கள்? கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்த்துத்தான் 1937-ல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் டிராலியையே கொண்டுவந்தார். அடுத்த தடவை கூடை எடுங்கள். கை வலித்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: புதுக் கடையில் நறுக்கி வைத்த பழம் வாங்கினேன். டப்பாவில் 400 கிராம் என்று ஒட்டியிருந்தது. வீட்டுத் தராசில் டப்பாவோடு சேர்த்தே 370-தான் காட்டியது. கடையில் கேட்டால், "தண்ணி வத்தியிருக்கும் சார்" என்கிறார்கள். முப்பது கிராமுக்குப் போய்ச் சண்டையா என்கிறார் மனைவி.

பதில்: சண்டை போடுங்கள். மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மூடிய டப்பாவுக்குள் இருக்கும் தண்ணீர் எங்கே வற்றும்? பழம் விட்ட சாறு அடியில் தேங்கி நிற்கும், அதையும் சேர்த்துத்தான் தராசு காட்டும். அப்படிச் சொன்ன கடைப் பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பதில் அது.

வாசகர்களே, இது என் பழைய புண். விலை அதிகம் என்றால் அதில் மறைவு ஒன்றும் இல்லை. எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் போ. எடை அப்படி இல்லை. தராசு அவர்களிடம், லேபிள் அவர்களிடம், நம்பிக்கை மட்டும் நம்மிடம். அதிலும் கண்ணாடிக் கதவு, மெல்லிய இசை, ஏப்ரன் கட்டிய பணியாளர் என்று இருக்கும் இடத்தில் தராசைச் சந்தேகிக்க நமக்கே கூச்சமாக இருக்கிறது. தெருவோரத் தள்ளுவண்டிக்காரரிடம் "முள்ளு சரியா நிக்கட்டும்பா" என்று குரல் உயர்த்துகிறவர்கள், இங்கே வாயைத் திறப்பதில்லை.

2015-ல் நியூயார்க் நகரத்தின் நுகர்வோர் துறை, ஹோல் ஃபுட்ஸ் என்ற அமெரிக்க உயர்தர மளிகை நிறுவனத்தின் கடைகளில் முன்கூட்டியே எடை போட்டுக் கட்டி வைத்திருந்த 80 வகைப் பொருட்களை எடுத்துச் சோதித்தது. 80 வகையிலுமே எடை தவறாக ஒட்டிய பொட்டலங்கள் இருந்தன. சோதித்த பொட்டலங்களில் 89 சதவீதம், சட்டம் அனுமதிக்கும் வித்தியாசத்தையும் தாண்டியிருந்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகிகளே வீடியோவில் தோன்றி, தவறு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து லட்சம் டாலர் கட்டி விஷயத்தை முடித்தார்கள்.

அந்தச் சோதனையில் மாட்டிய ஒரு விஷயத்தை நீங்களும் கடையில் பார்க்கலாம். கையால் நறுக்கி அடைத்த பழ டப்பாக்களை வரிசையாக ஐந்து எடுத்துப் பாருங்கள். ஒன்றில் 412, இன்னொன்றில் 396 என்று ஏறி இறங்கியிருந்தால் ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறார்கள். ஐந்திலும் அச்சு அசலாக ஒரே எடை என்றால், ஒரு லேபிளை அடித்து எல்லாவற்றிலும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு வழக்கமான தவறு, காலி டப்பாவின் எடையைக் கழிக்காமல் விடுவது. அப்போது பழத்தின் விலைக்கு பிளாஸ்டிக் வாங்குகிறீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுத் தராசைச் சரிபாருங்கள். ஒரு பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கி, சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அப்புறம் பிரிக்காத டப்பாவை, லேபிள் தெரியும்படி, தராசின் மேல் வைத்துப் படம் எடுங்கள். சாப்பிட்டபின் காலி டப்பாவையும் எடை போடுங்கள். படங்களோடும் பில்லோடும் கடை மேலாளருக்கு ஒரு கடிதம், எடை அளவைத் துறைக்கு ஒரு கடிதம். முப்பது கிராம் உங்களுக்குச் சின்னது. ஒரு நாளைக்கு எத்தனை டப்பா விற்கிறது என்று மனைவியோடு உட்கார்ந்து பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: அங்கே வாங்கிய எண்ணெயில் ஏதோ வாடை. பில்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன், பாட்டிலையும் பாதி காலி செய்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பில் இல்லாத கடிதம் இந்த வாரத்தில் இது மூன்றாவது. வாடை அடித்தபின் பாதி பாட்டிலை எப்படித் தீர்த்தீர்கள் என்பதைத் தனியாக எழுதி அனுப்பவும்.

கேள்வி: நான் வாங்குகிறவன் இல்லை, விற்கிறவன். 22 வருடமாகச் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். புதுக் கடை வந்ததும் மாதச் சாமான் வாங்கியவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். மறந்துபோன ஒரு பொருளுக்கும் கடனுக்கும் மட்டும் என்னிடம் வருகிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் தெருவிலும் உங்களைப் போல ஒருவர் இருக்கிறார். புதுக் கடையின் பெயர் அச்சடித்த பையோடு வரும்போது நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நடக்கிறேன். அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் குத்துகிறது.

பால், முட்டை, சர்க்கரை போல எல்லோருக்கும் விலை மனப்பாடமாகத் தெரிந்த சில பொருட்களைப் பெரிய கடைக்காரர்கள் லாபமே இல்லாமல்கூட விற்பார்கள். அதைப் பார்த்து, கடை முழுக்க மலிவு என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நாலு பொருளில் போட்டி போட்டு நீங்கள் நஷ்டப்பட வேண்டாம். மற்றதில் உங்கள் விலை குறைவாக இருக்கும் இருபது பொருளை எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வையுங்கள். சின்னப் பாக்கெட்டில் அடைத்து வருவதைக் கிலோ கணக்குக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் ஜனங்களுக்கு இல்லை. நீங்கள் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுங்கள்.

ரொக்கம் அங்கே, கடன் மட்டும் உங்களிடம் என்று இருப்பவருக்குக் கடனை நிறுத்துங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டு எங்கே போவார்? அங்கே கடன் சொன்னால் செக்யூரிட்டியைக் கூப்பிடுவார்கள்.

கடை வாடகை இடமா, சொந்தமா என்று எழுதவில்லை. வாடகை என்றால், இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் நீண்ட கால ஒப்பந்தம் போட முடியுமா பாருங்கள். வியாபாரம் குறைந்தாலும் ஓட்டிவிடலாம், வாடகை இரட்டிப்பானால் முடியாது.

கேள்வி: லேபிளில் 'நேச்சுரல்' என்று இருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: 'ஆர்கானிக்' என்று போட, பல நாடுகளில் சான்றிதழ் வேண்டும். 'நேச்சுரல்' என்பதற்குப் பெரும்பாலும் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. நானே ஒருமுறை அந்தச் சொல்லுக்கு மயங்கி, அரைக்கும் மூடி வைத்த கண்ணாடிக் குப்பியில் உப்பு வாங்கினேன். இரண்டாவது வாரம் மூடி சுற்றவில்லை. கழற்றவும் வரவில்லை. முக்கால் குப்பி உப்பு இன்னும் அலமாரியில் நிற்கிறது, வருகிறவர்கள் அழகாக இருக்கிறதே என்கிறார்கள்.

கேள்வி: உறுப்பினர் அட்டைக்குப் பிறந்த தேதி, குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: தள்ளுபடி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டு விவரத்தின் விலை அதுதான்.

கேள்வி: எங்கள் பகுதியில் நல்ல காய்கறிக் கடையே இல்லை. ஒரு உயர்தரக் கடையைக் கொண்டுவர அரசு உதவி கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். கடை வந்தால் எல்லோரும் ஆரோக்கியமாகச் சாப்பிடுவார்களாம். போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அந்தக் காரணத்துக்காக வேண்டாம். பிலடெல்பியாவில் இப்படிக் கடை இல்லாத ஒரு பகுதியில் புது சூப்பர் மார்க்கெட் வந்தபின் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. நல்ல பொருள் பக்கத்தில் கிடைக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். ஆனால் பழமும் காய்கறியும் சாப்பிடும் அளவு மாறவில்லை, உடல் பருமனும் குறையவில்லை. கைக்காசும் நேரமும் பழக்கமும் அப்படியேதானே இருக்கின்றன.

சிகாகோவில் இங்கிள்வுட் என்ற வசதி குறைந்த பகுதியில் 2016-ல் ஹோல் ஃபுட்ஸ் திறந்தது. அந்த வணிக வளாகத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் போயிருந்தது. 2022-ல் கடையை மூடிவிட்டார்கள். ஆகவே கையெழுத்து வாங்க வருகிறவரிடம், எத்தனை வருடம் இருப்பதாக எழுதிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அன்றாடச் சாமானும் வைப்பார்களா என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் அந்தக் கடையைப் பற்றி அவ்வளவு எழுதினீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்களை அங்கேயே பார்த்தேன். அதுவும் டிராலியோடு!

பதில்: பார்த்திருப்பீர்கள். அவர்கள் சுடும் ரொட்டி நன்றாக இருக்கிறது. வாங்காதீர்கள் என்று நான் எழுதவில்லை, எடை போடுங்கள் என்றுதான் எழுதினேன். டிராலி விஷயத்தில், கூடை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.