நெடும்பயணத்தின் கடைசிப் பத்து நாட்கள்: கோடையில் அரேபியப் பாலையைக் கடக்கலாமா?

கேள்வி: ஏழு மாதங்கள் ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிளில் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறேன். ஜூன் இறுதியில் ஜோர்டானின் அகாபாவில் இறங்கி, சவுதி அரேபியா வழியாக ஓமானை அடைந்து, மஸ்கட்டில் விமானம் ஏற வேண்டும். கையில் பத்து நாட்கள் உள்ளன. சென்னை வெயிலில் வளர்ந்தவன் என்பதால் வெப்பம் எனக்குப் புதிதல்ல. இரவில் ஓட்டுவது நல்லதா? எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது, சென்னை வெயிலில் வளர்ந்தவன் என்ற வரிதான். வெயிலைத் தாங்கும் திறன் பிறவியோடு ஒட்டிக்கொண்டு வருவதல்ல. உடல் அதை ஒன்றிரண்டு வாரங்களில் பழகிக்கொள்கிறது, வெயில் படாமல் சில வாரங்கள் இருந்தால் இழந்தும் விடுகிறது. பழகிய உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், அதில் வெளியேறும் உப்பும் குறைவாக இருக்கும். ஏழு மாதம் குளிர்நாடுகளில் இருந்த உங்களிடம் இப்போது இவற்றில் எதுவும் மிஞ்சியிருக்காது. நெடும்பயணத்தின் முடிவில் எடை குறைந்து, தூக்கம் கெட்டு, வீட்டு நினைப்பும் சேர்ந்துகொள்ளும் நேரத்தில்தான் மனிதர்கள் இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடலாம் என்று தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஆகவே பயணத்தை நவம்பருக்குத் தள்ளிவைக்க முடியுமானால் அதுவே என் முதல் ஆலோசனை. முடியாதென்றால் விமானச் சீட்டின் தேதியையாவது மாற்றுங்கள். அகாபாவில் ஒரு வாரம் தங்கி, முதல் நாள் காலையில் அரை மணி நேரம் நடப்பதில் தொடங்கி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையிலேயே கிடந்தால் அந்த ஒரு வாரத்தால் பயனில்லை.

இரவுப் பயணத்தை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். பாலைவனச் சாலைகளில் ஒட்டகங்கள் குறுக்கே வரும். வண்டியின் விளக்கொளி அவற்றின் மெலிந்த கால்களில்தான் படும். கனத்த உடல், மோதப்போகும் கணம் வரையில் இருட்டுக்குள்ளேயே இருக்கும். கிழக்கு வெளுக்கும்போது புறப்பட்டு, பத்து மணிக்கெல்லாம் நிழலுக்குள் போய்விடுங்கள். சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை தொழிலாளர்களை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அரசு விதி. அந்த வெயிலில் பழகியவர்களுக்கே இப்படி விதி வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெப்பம் தாங்காமல் மேலங்கியைத் திறந்துவிட்டு ஓட்டுவது பலரும் செய்யும் தவறு. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. காற்றின் வெப்பம் அதைத் தாண்டிவிட்டால், வேகமாக அடிக்கும் காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும். வியர்வையையும் வேலை செய்ய விடாமல் உலர்த்திவிடும். உள்ளே பருத்திச் சட்டையைத் தண்ணீரில் நனைத்து அணிந்து, மேலங்கியைப் பெரும்பாலும் மூடியே வைத்து, காற்று சிறிதளவே நுழையும்படி விடுங்கள். நிறுத்தும் இடங்களிலெல்லாம் சட்டையை மீண்டும் நனையுங்கள்.

இந்த முறை உள்நாட்டின் வறண்ட வெயிலுக்குத்தான் உதவும். பாரசீக வளைகுடாக் கரையை நெருங்கினால் காற்றே ஈரமாகிவிடும், வியர்வை ஆவியாகாது. தம்மாமுக்கு அருகிலுள்ள தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட காற்றில் நனைந்த சட்டை எந்த ஆறுதலும் தராது. அங்கே நிழலும் குளிரூட்டிய அறையுமே மருந்து.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஓட்டும் நேரத்தில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர் அளவு போதும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள். வெறும் தண்ணீரையே ஓயாமல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் வலிப்பும் வரலாம். மாலையில் சட்டையைக் கழற்றும்போது முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் தெரிந்தால், போன உப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலங்களைக் கட்டாயம் வைத்திருங்கள். சாலையோரப் பகாலாக் கடையின் குளிர்பெட்டியில் லபான் என்ற பெயரில் கிடைப்பது நம் மோர்தான். ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குடித்தால் அதைவிட நல்ல பானம் அங்கே இல்லை. குடிப்பதற்குப் போக, பழுதாகி நின்றால் உதவும் என்று பத்து லிட்டர் தனியே இருக்கட்டும்.

மருந்துப் பையையும் ஒரு முறை பாருங்கள். மலேரியாத் தடுப்புக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் தோலை வெயிலில் எளிதாகக் கருக்கிவிடும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவரானால், மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயணத்தைத் தொடங்கக் கூடாது.

ரப் அல் காலி என்ற பெரும் மணற்பாலை வழியாக ஓமானுக்குச் செல்லும் சாலை 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. சவுதிப் பக்கம் மட்டும் 564 கிலோமீட்டர். அதில் தனியாகப் போகாதீர்கள். வெப்பத்தாக்கின் முதல் அடையாளம் பேச்சுக் குழறலும் புத்தித் தடுமாற்றமும்தான். அது தாக்கப்பட்டவருக்குத் தெரியாது, அருகிலிருப்பவருக்கே தெரியும். அந்நிலையில் ஒருவரைக் கண்டால் நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்: சவுதியில் 997, ஓமானில் 9999. துணை கிடைக்கவில்லையென்றால் வண்டியை ஒரு லாரியில் ஏற்றி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்தபடி அந்தச் சாலையைக் கடந்துவிடுங்கள்.