பின்னலான செயற்கூறுகளும் ஸ்டாக் ஃபிரேம்களும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உள்ளே எழுதப்பட்ட செயற்கூறு, வெளிச் செயற்கூறின் மாறியைத் தன்னை அழைத்தவரின் ஃபிரேமில் (ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக் எனும் நினைவக அடுக்கில் ஒதுக்கப்படும் பகுதியில்) தேடினால் போதாதா?

பதில்: போதாது. 'கணக்கிடு' என்ற செயற்கூறில் 'மொத்தம்' என்ற மாறியும், 'சுற்று', 'சேர்' என்ற இரண்டு உட்செயற்கூறுகளும் இருப்பதாகக் கொள்வோம். 'சுற்று' தன்னைத்தானே சில முறை அழைத்துக்கொண்ட பிறகு 'சேர்' என்பதை அழைக்கிறது. 'சேர்', 'மொத்தம்' மாறியை மாற்றுகிறது. கணக்கிடுவின் ஃபிரேமுக்குள் அந்த மாறி எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பது, நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் கம்பைலருக்குத் தெரியும். ஆனால் இடையில் 'சுற்று' எத்தனை ஃபிரேம்களை அடுக்கியிருக்கும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். அதனால் ஃபிரேமில் இரண்டு முகவரிகள் தேவைப்படுகின்றன. என்னை அழைத்தவர் யார் என்பதற்கு டைனமிக் லிங்க் விடை சொல்கிறது. நான் யாருக்குள் எழுதப்பட்டிருக்கிறேன் என்பதற்கு ஸ்டாட்டிக் லிங்க் விடை சொல்கிறது. 'சேர்' தன் ஸ்டாட்டிக் லிங்கை ஒரே ஒரு முறை பின்தொடர்ந்தால் கணக்கிடுவின் ஃபிரேம் கிடைத்துவிடும். எத்தனை முறை பின்தொடர வேண்டும் என்பது பின்னல் ஆழங்களின் (ஒரு செயற்கூறு எத்தனை செயற்கூறுகளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்பதன்) வேறுபாடு மட்டுமே என்பதால், அதைக் கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

கேள்வி: வெளிச் செயற்கூறும் தற்சுழற்சியில் பலமுறை அழைக்கப்பட்டிருந்தால், கடைசியாக உருவான ஃபிரேமைத்தானே எடுக்க வேண்டும்?

பதில்: எப்போதும் அல்ல. பெரும்பாலும் அதுவே சரியாக அமைவதால்தான், கடைசி ஃபிரேமையே எடுக்கும் இந்தப் பிழை நெடுநாள் மறைந்திருக்கும். செயற்கூறை அளபுருவாக, அதாவது இன்னொரு செயற்கூறுக்கான உள்ளீடாக, அனுப்பும்போது குறிமுறையின் முகவரியோடு, அது பெயரிடப்பட்ட கணத்தில் நடப்பிலிருந்த வெளி ஃபிரேமின் முகவரியும் சேர்ந்தே செல்ல வேண்டும். கணினியியலாளர் டொனால்ட் க்னூத் 1964-இல் அல்கால் 60 என்ற நிரல்மொழியின் கம்பைலர்களுக்காக எழுதிய 'மேன் ஆர் பாய்' சோதனை இதைத்தான் சோதிக்கிறது: 10 என்ற உள்ளீட்டுக்குச் சரியான விடை -67. கம்பைலர் எழுதிப் பழகுவோர் அனைவரும் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

கேள்வி: டிஸ்பிளே முறை இதைவிட வேகமானதா?

பதில்: ஒவ்வொரு பின்னல் ஆழத்துக்கும் உரிய ஃபிரேமின் முகவரியை ஓர் அணியில், அதாவது வரிசைப் பட்டியலில், வைத்திருப்பதால், எவ்வளவு வெளியே உள்ள மாறியையும் அது விரைவாக எட்டும், அதற்கு ஈடாக, செயற்கூறுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அணியைப் பராமரிக்க வேண்டும். இரண்டு மூன்று நிலைகளுக்கு மேல் பின்னல் செல்வது அரிது என்பதால், ஸ்டாட்டிக் லிங்கே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: சி மொழியில் ஜிசிசி என்ற கம்பைலர் அனுமதிக்கும் உட்செயற்கூறுகள் பாதுகாப்புக்கு ஊறு என்கிறார்களே?

பதில்: சி மொழியின் செயற்கூறுச் சுட்டு ஒரே ஒரு முகவரி, ஸ்டாட்டிக் லிங்கை வைக்க அதில் இடமில்லை. எனவே, அந்த லிங்கை ரெஜிஸ்டரில் (செயலியின் உள் நினைவிடத்தில்) ஏற்றிவிட்டு உரிய குறிமுறைக்குத் தாவும் சிறு ஆணைத் தொடரை, அதாவது டிராம்போலினை, ஜிசிசி வழக்கமாக ஸ்டாக்கிலேயே எழுதுகிறது. அதை இயக்குவதற்கு ஸ்டாக் இயங்கத்தக்கதாக இருந்தாக வேண்டும். அப்போது, ஸ்டாக்கில் உள்ளதை ஆணையாக இயக்கவிடாத முக்கியமான ஒரு காப்பு அகன்றுவிடுகிறது. வெளி மாறிகளைத் தொடும் உட்செயற்கூறின் முகவரியை எடுத்தால்தான் இந்தச் சிக்கல். நேரடியாக அழைத்தால் டிராம்போலின் தேவையில்லை.

கேள்வி: உட்செயற்கூறையே விடையாகத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்?

பதில்: வெளி ஃபிரேம் ஸ்டாக்கிலிருந்து நீங்கியிருக்கும், ஸ்டாட்டிக் லிங்க் செல்லாத முகவரியாகிவிடும். மூலப் பாஸ்கல் மொழி, செயற்கூறுகளை அளபுருவாக மட்டுமே அனுப்பவிட்டு இதைத் தவிர்த்தது. கோ மொழியின் கம்பைலரோ, ஃபிரேமைத் தாண்டியும் வாழக்கூடிய மாறிகளைக் கண்டறிந்து அவற்றை ஹீப்பில் (ஸ்டாக்குக்கு வெளியே உள்ள நினைவகப் பகுதியில்) வைக்கிறது.