ஒரு லிட்டரில் 57 காசு

அன்புள்ள ஐயா,

மாநில சுயாட்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இவ்வளவு பெரிய நாடு ஒன்றாக இருக்க மத்தியில் வலுவான அரசு வேண்டாமா? தில்லி கொடுக்கும் பணத்தில்தான் மாநிலங்கள் நடக்கின்றன. வாங்கிக்கொண்டே உரிமையும் பேசுவது சரியா?

ர.

அன்புள்ள ர.,

வலுவான ஒன்றிய அரசு வேண்டும். ராணுவம், நாணயம், வெளியுறவு, ரயில்வே எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ‘தில்லி கொடுக்கும் பணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டருக்கு ஒன்றிய அரசு வாங்கிய வரி 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படை உற்பத்தி வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி 31 ரூபாய் 50 காசும் சாலை செஸ், வேளாண் செஸ் (செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் வந்தது. ஒன்றிய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு சொன்ன 41 சதவீதப் பங்கு அந்த 1 ரூபாய் 40 காசுக்கு மட்டும்தான். கணக்குப் போட்டால் 57 காசு. அதையும் 28 மாநிலங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்!

செஸ் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பணம் பங்குக்கு வராது. அரசியல் சாசனத்தின் 270ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சட்டப்படியே இது நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

மாநிலமும்தான் பெட்ரோலுக்கு வாட் என்ற விற்பனை வரி போடுகிறது என்பீர்கள். போடுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு, தானே விகிதத்தை முடிவு செய்ய மாநிலத்தின் கையில் மிஞ்சிய பெரிய இனங்கள் பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, அவ்வளவுதான். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று பெரும்பாலான செலவு மாநிலத்தின் தலையில். வரி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கே திரும்பி வரும் பணத்தைக் கொடை என்று சொல்லலாமா?

உரிமை விஷயமும் இப்படித்தான். கல்வி முதலில், மாநிலம் மட்டுமே சட்டம் போடும் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில், அரசியல் சாசனத்தின் 42ஆவது திருத்தம் அதை, ஒன்றியமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. நெருக்கடி நிலை போய்விட்டது, கல்வி மட்டும் திரும்பி வரவே இல்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். தில்லியிடம் உரிமை கேட்கும் நம் தமிழ்நாடு கீழே இருக்கும் உள்ளாட்சிகளுக்கு என்ன செய்தது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராமங்களில் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் ஆனது, அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. நகரங்களில் 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே கிடையாது. அத்தனை வருடமும் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மக்கள், மாநில அரசு நியமித்த தனி அதிகாரியிடம் போய் நின்றார்கள். இதைப் பற்றியும் நான் எழுதியிருக்க வேண்டும். அடுத்த கட்டுரை அதுதான்.