சேம்பர்லின் நடத்தியது கம்பெனி அல்ல

கேள்வி: பெரிய தொழிலதிபர் மேயராக வந்தால் நகரத்தையும் கம்பெனி மாதிரி நடத்தி லாபத்துக்குக் கொண்டுவந்துவிடுவார் என்கிறார்களே? இங்கிலாந்தில் பர்மிங்காமை மாற்றிக் காட்டிய ஜோசப் சேம்பர்லினை உதாரணம் காட்டுகிறார்கள். சரிதானா?

பதில்: உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் அந்த வாதத்துக்கு அது துணை வராது.

சேம்பர்லின் கெட்டிக்கார வியாபாரி என்பதில் சந்தேகமே இல்லை. 1836-ல் லண்டனில் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் தொழிலுக்குப் போனார். 18 வயதில் பர்மிங்காமுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய மாமா நெட்டில்ஃபோல்டுக்குத் திருகாணித் தொழிற்சாலை இருந்தது. அதுவரை திருகாணியின் முனை மழுங்கலாக இருக்கும். மரத்தில் முதலில் துளை போட்டால்தான் உள்ளே இறங்கும். கூர்முனைத் திருகாணி செய்யும் இயந்திரத்தின் உரிமையை மாமா அமெரிக்காவிலிருந்து வாங்கினார். அதில் அப்பாவின் பணமும் இருந்தது. பணத்துக்குக் காவலாகப் போன பையன், 20 ஆண்டுகளில் இங்கிலாந்தின் திருகாணி உற்பத்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தன் கம்பெனிக்குள் கொண்டுவந்துவிட்டார். சின்னப் பட்டறைக்காரர்களை நசுக்கினார் என்ற பழியும் கூடவே வந்தது.

1873 நவம்பரில் மேயரானார். அடுத்த வருடமே தொழிலில் இருந்த பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார். இவரை உதாரணம் காட்டுகிறவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை. அப்போது அவருக்கு 38 வயதுகூட முடியவில்லை. கடையையும் வைத்துக்கொண்டு நகரத்தையும் நடத்தவில்லை அவர்.

பர்மிங்காமில் அப்போது இரண்டு தனியார் எரிவாயுக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தெருக்களைத் தோண்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்கு நகரமன்றமே வாங்கியது. கடன் வாங்கித்தான். முதல் வருடமே 34,000 பவுண்டு லாபம் வந்தது. அந்த லாபம் எந்த முதலாளி கைக்கும் போகவில்லை, ஊர்ச் செலவுக்கு வந்தது. இதுவரை நீங்கள் கேட்ட 'கம்பெனி மாதிரி' கதை சரியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் தண்ணீர். குழாயில் வாரத்துக்கு மூன்று நாள்தான் தண்ணீர் வரும். மற்ற நாட்களில் கிணறு, இல்லையென்றால் காசு கொடுத்துத் தண்ணீர்க்காரரிடம் வாங்க வேண்டும். சாக்கடை கலந்த கிணறுகள் ஏராளம். அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைகளும் குடித்தார்கள். தண்ணீர்க் கம்பெனியையும் சுமார் 13.5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார். ஆனால் எரிவாயுவில் போட்ட கணக்கை இதில் போடவில்லை. எரிவாயுவில் லாபம் வரட்டும், தண்ணீரில் லாபம் பார்க்கக் கூடாது, மிச்சமிருந்தால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரே மனிதர், ஒரே நகரமன்றம், இரண்டு பொருளுக்கு இரண்டு விதமான கணக்கு. எதில் லாபம் பார்க்கலாம், எதில் கூடாது என்று பிரித்துப் பார்த்தாரே, அதற்காகத்தான் நான் அவரை மதிக்கிறேன். எந்தத் தொழிற்சாலையும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. ஊரின் அழுக்குக்கும் நோய்க்கும் ஊரே பொறுப்பு என்று பர்மிங்காமின் தேவாலயங்களில் டாசன், டேல் போன்ற போதகர்கள் வருடக்கணக்கில் பேசி வந்தார்கள். அந்தப் பேச்சில் ஊறியவர் அவர்.

இத்தனைக்கும் நடுவில், 1875-ல், அவருடைய இரண்டாவது மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். முதல் மனைவியும் 1863-ல் குழந்தை பெற்ற சில நாட்களில் போனவர்தான். வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள். அந்த வருடமும் மேயர் வேலையைத் தொடர்ந்தார்.

அவர் கணக்கு எங்கே இடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளை இடித்துவிட்டு கார்ப்பரேஷன் ஸ்ட்ரீட் என்ற பெரிய கடைத்தெருவை அமைக்கும் திட்டம் அவருடையது. சொந்தப் பணம் 10,000 பவுண்டு கொடுத்தார். நிலத்தை விற்காமல் 75 வருடக் குத்தகைக்கு விட்டார்கள்; காலம் முடிந்ததும் கட்டடங்களோடு ஊருக்கே திரும்பும். தொலைநோக்கு, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பகுதியில் இறப்பு விகிதமும் ஆயிரத்துக்கு 53-லிருந்து 21 ஆகக் குறைந்தது. ஆனால் அங்கே குடியிருந்த ஏழைகள்? அவர்களுக்கு நகரமன்றமே வீடு கட்டித் தருவது கட்டுப்படியாகாது என்று திட்டத்தைக் கவனித்த நகரமன்றக் குழு முடிவு செய்தது. அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு நெரிசலான இடங்களுக்கும் புறநகருக்கும் போனார்கள். இடம் சுத்தமானதால் விகிதம் குறைந்ததா, ஏழைகள் அங்கே இல்லாமல் போனதால் குறைந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 'கம்பெனி மாதிரி' நடந்த இடம் என்றால் இதுதான். அவருடைய மேயர் காலத்தில் எனக்கு மனசு ஒப்பாத இடமும் இதுவே.

1876-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். பின்னால் காலனி அமைச்சராகி, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் அவர் சம்பாதித்த கெட்ட பெயர் தனிக் கதை.

ஆகவே, தொழிலதிபர் ஒருவர் மேயராக வருகிறேன் என்றால் அவருடைய கம்பெனி எத்தனை கோடிக்கு வளர்ந்தது என்று என்னிடம் சொல்லாதீர்கள். பங்கை எப்போது விற்கப் போகிறார், தண்ணீருக்கு என்ன கட்டணம் வைக்கப் போகிறார், இடிக்கும் வீடுகளில் இருப்பவர்களுக்கு எங்கே வீடு தரப்போகிறார்? இந்த மூன்றையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.